பேச்சு வருவதற்கு முன்

எங்கள் பயிற்சி மையத்தில் காலையில் சுவிட்சைப் போட்டதும் முதலில் மெஷின்களுக்குள் காற்றாடிகள் சுழலும். பிறகு ஆளுக்கொரு சின்ன 'பீப்'. அதன்பின் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. கடைசியில் ஒவ்வொரு மெஷினிலிருந்தும் ஒரு தட்டையான ஆண்குரல் வரும்: "ஸ்கிரீன் ரீடர் ஆன்." திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் அந்தக் குரல் வந்துவிட்டால் எனக்கும் என் மாணவர்களுக்கும் யாருடைய கண்ணும் தேவையில்லை. அது வருகிற வரைக்கும் எங்களுக்குக் கம்ப்யூட்டர் என்பது சூடாகிக்கொண்டிருக்கும் ஒரு தகரப்பெட்டி, அவ்வளவுதான்.

நான் பிறவியிலேயே பார்வையில்லாதவன். பாளையங்கோட்டையில் ஒரு வாடகை வீட்டில் நடக்கும் சின்ன மையத்தில், பார்வையற்ற இளைஞர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறேன். முன்னறையும் ஹாலும் வகுப்பு. பின்னால் சமையலறையும், வெளியூர்ப் பிள்ளைகள் தங்க இரண்டு அறைகளும். பெரும்பாலும் வங்கித் தேர்வுக்கோ அரசுத் தேர்வுக்கோ படிக்கிறவர்கள் வருவார்கள்.

மெஷின்கள் ஓர் அலுவலகம் பழசென்று கழித்துக் கொடுத்தவை. கொடுக்கும்போது உள்ளேயிருந்த டிஸ்க்குகளைக் கழற்றிக்கொண்டுதான் கொடுத்தார்கள். வெறும் கூட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது, மேலப்பாளையத்து இன்ஜினியர் ஒருவர் வந்து பார்த்தார். டிஸ்க் வேண்டாம் சார், நெட்வொர்க்கிலேயே கிளப்பிவிடலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்கார்ந்து அவரே எல்லாம் செய்தார். மூலையில் ஒரே ஒரு சர்வர், அதில் லினக்ஸ் இயங்குதளம். மற்ற மெஷின்கள் விழித்ததும் கேபிள் வழியாக, நான் யார், நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்கும். சர்வர் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து, ஓட வேண்டிய எல்லாவற்றையும் அனுப்பிவைக்கும். பிள்ளைகளின் ஃபைல்களும் சர்வரிலேயே இருக்கும். யார் எந்த மெஷினில் உட்கார்ந்தாலும் அவரவர் ஃபைல் அவரவருக்கு வந்துவிடும்.

அவர் எனக்கும் சொல்லிக்கொடுத்தார். என் லேப்டாப் தன் காலில் நிற்கிறது. அதற்கு டிஸ்க்கும் பேச்சும் உண்டு. அதிலிருந்து கேபிள் வழியே சர்வருக்குள் நுழைந்து நானே வேண்டியதைச் செய்துகொள்வேன். சர்வருக்குத் திரையே மாட்டவில்லை. அது முழுதாக எழுந்ததும் மூன்றுமுறை 'பீப்' அடிக்கும்படி எனக்காக ஒன்றை எழுதிவைத்திருந்தார். பிறகு அவருக்கு வளைகுடாவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். போன பிறகும் சந்தேகம் என்றால் போனில் சொல்லுவார். நானும் தேறிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் அடித்தது. ஆற்றில் தண்ணீர் கூடிக்கொண்டே போகிறது என்று பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். எங்கள் பிள்ளைகளும் ஊருக்குப் போய்விட்டார்கள். ஒரே ஒரு மாணவி மட்டும் தங்கிவிட்டாள். வள்ளியூர்க்காரி, என்னைப்போலவே முழுதாகப் பார்வையில்லாதவள். வங்கித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்ததால், ஊருக்குப் போனால் படிப்பு ஓடாது என்று இருந்துகொண்டாள். சமையல் அக்கா மட்டும் காலையில் குடை பிடித்து வந்துபோனார். எங்கள் மையத்துக் கிளார்க், பஸ் ஓடவில்லை என்று போன் செய்துவிட்டார்.

இரவு முழுக்கக் கரன்ட் போவதும் வருவதுமாக இருந்திருக்கிறது. காலையில் நான் வந்து சுவிட்சைப் போட்டேன். காற்றாடிகள் ஓடின. பீப் வந்தது. அதன்பின் வரவேண்டிய குரல் வரவில்லை. காத்திருந்தேன். மாணவி தன் இடத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவளும் காத்திருந்தாள்.

"சார், இன்னும் பேச மாட்டேங்குது," என்றாள்.

எந்த மெஷினும் பேசவில்லை என்றால் கோளாறு சர்வரில்தான். லேப்டாப்பிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. அதை அணைத்து மறுபடி போட்டேன். காற்றாடி சுழன்றது, உள்ளே டிஸ்க் கொஞ்சம் கரகரத்தது, அப்புறம் அடங்கியது. மூன்று பீப் வரவேயில்லை. எங்கேயோ பாதி வழியில் நின்று எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறது. என்ன சொல்கிறது என்பது திரை இருந்தால் தெரியும், திரையைப் பார்க்க ஆள் இருந்தால் தெரியும்.

பக்கத்து மெஷினின் மானிட்டரைக் கழற்றித் தூக்கிவந்து சர்வரில் மாட்டினேன். கேபிளின் திருகுகளை விரலால் தடவி முடுக்குவது எனக்குப் பழக்கமான வேலை. பிறகு என் போனில் எழுத்தைப் படித்துச் சொல்லும் ஆப்பைத் திறந்து திரைக்கு நேராகப் பிடித்தேன். டவர் சரியில்லாமல் நெட் வரவில்லை. நெட் இல்லாமலும் அது ஓரளவு படிக்கும். ஆனால் எப்படிப் பிடித்தாலும் மானிட்டர் சட்டத்தில் அச்சடித்திருந்த கம்பெனிப் பெயரை மட்டும் கணீரென்று படித்தது. திரைக்குள்ளிருந்ததை அது கதம்பமாகத்தான் உளறியது. மேலே, கீழே, சாய்த்து என்று எல்லா விதமாகவும் பிடித்துப் பார்த்தேன். மறுபடியும் கம்பெனிப் பெயர்தான்.

வளைகுடாவுக்குப் போன் போட்டேன். இணைப்பு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அவர் டியூட்டியில் இருக்கும் நேரம்.

கடைசியில் சமையலறைக்குப் போய் அக்காவைக் கூப்பிட்டேன். சாத்தான்குளத்திலிருந்து ஆற்றோரக் கொக்கிரகுளத்துக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டு வந்தவர். ஒன்பதாவது வரை படித்தவர். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன எழுதியிருக்கு அக்கா?"

"நெறைய எழுதிருக்கு சார். கறுப்புல வெள்ளையா, பொடிப்பொடியா. எல்லாம் இங்கிலீசு."

"கடைசி வரிய மட்டும் ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்க. பையச் சொல்லுங்க, அவசரமில்ல."

"ஜி. ஐ. வி. இ," என்று தொடங்கினார். அந்த வரி முடிவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. சர்வர் எழமுடியாமல் அவசர நிலையில் நின்று ரூட் பாஸ்வேர்டை, அதாவது சர்வரின் தலைமைக் கடவுச்சொல்லைக் கேட்கிறது. மேலே உள்ள வரிகளையும் கேட்டேன். டிஸ்க்கில் ஃபைல் கணக்குகள் குழம்பிக் கிடக்கின்றன, கையால் சரிபார்த்துக் கொடு என்பதுதான் செய்தி. கரன்ட் விட்டுவிட்டு வந்ததில் எழுதிக்கொண்டிருந்தது பாதியில் அறுந்திருக்கவேண்டும். என்ன வியாதி என்று தெரிந்ததில் கொஞ்சம் தெம்பு வந்தது. பாஸ்வேர்ட் என் விரலிலேயே இருந்தது. அடித்தேன்.

"நீங்க அடிக்கிய சார். திரையில ஒண்ணும் விழலையே."

"பாஸ்வேர்ட் விழாது அக்கா. யாரும் பாத்துடக் கூடாதுன்னு அப்படி."

"இங்கன யாரு பாக்கப்போறா," என்றார். மாணவி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அன்று சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். எந்தப் பகுதியில் கோளாறு என்று தெரியவேண்டும். அக்கா ஆங்கில எழுத்துகளைச் சொல்லிவிடுவார். குறிகளுக்கு அவருக்குப் பெயர் தெரியாது. "ஒரு சாய்ஞ்ச கோடு சார், அப்புறம் டி, இ, வி, மறுபடி சாய்ஞ்ச கோடு" என்பார். "குறுக்க ரெண்டு நெடுக்க ரெண்டு போட்டிருக்கு" என்பார். எனக்கோ எழுத்து என்பது பிரெய்லில் புள்ளி, இல்லாவிட்டால் காதில் ஒரு சொல். கோட்டின் சாய்வை வைத்து ஒரு குறியைக் கண்டுபிடிக்கிற பழக்கம் என் மண்டையில் கிடையாது. இது எண் ஒன்றா, 'எல்' எழுத்தா என்று அவர் என்னைக் கேட்டார். எப்படி இருக்கும் என்று நான் அவரைக் கேட்டேன். ரெண்டும் குச்சி மாதிரித்தான் இருக்கு என்றார். இப்படியே ஊகித்து ஊகித்து, பழுது பார்க்கும் கட்டளையை அடித்தேன்.

சர்வர் கேள்வி கேட்க ஆரம்பித்தது.

"சி, எல், இ, ஏ, ஆர். அப்புறம் அருவா மாதிரி வளைஞ்சு, அடியில ஒரு பொட்டு."

அருவாளை நான் பிடித்திருக்கிறேன். கேள்விக்குறி அப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. எதையோ அழிக்கவா என்று கேட்கிறது. ஒய் அடித்தால் ஆம். முன்னால் உள்ள வரியை எழுத்தெழுத்தாகக் கேட்டு, பயமில்லாத விஷயம்தான் என்று தெரிந்துகொண்டு ஒய் அடித்தேன். அடுத்த கேள்வி. மறுபடி எழுத்தெழுத்தாக. நடுவில் உலை பொங்குகிறதென்று அக்கா ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். கேள்விகள் முடிகிற மாதிரித் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் ஆம் என்று ஒரே கட்டளையில் சொல்லிவிடும் வழியும் உண்டு. நான் வேண்டாமென்றுதான் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். சில கேள்விகளுக்கு ஆம் சொன்னால் ஒரு ஃபைலின் பெயரே போய்விடும், சிலவற்றுக்குச் சொன்னால் ஃபைலே போய்விடும்.

அந்த நேரத்தில் அக்காவின் போன் அடித்தது. அவர் வீட்டுக்காரர். பேசி முடித்தார்.

"என்னக்கா?"

"தெருவுக்குள்ள தண்ணி வந்துட்டாம் சார். ஆத்துல எறங்கவே மாட்டேங்குதாம். சாமானை மேல தூக்கி வைக்கணும், உடனே வான்னு சொல்லுதாவ."

போங்க அக்கா என்றேன். வேறு என்ன சொல்லமுடியும்? சோறு வடித்து வைத்திருக்கிறேன், ரசம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கேட்டைச் சாத்தும் சத்தத்தோடு போய்விட்டார். சர்வர் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுத் திரையில் காத்திருந்தது. அது என்ன கேள்வி என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

யாரையாவது கூட்டிவருகிறேன் என்று மாணவியிடம் சொல்லிவிட்டுக் கோலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அக்கம்பக்கத்தில் கதவைத் தட்டினேன். ஒரு வீட்டில் ஆளில்லை, இன்னொரு வீட்டில் நாய் குரைத்ததோடு சரி. கேட்டடியில் மழையில் நின்றேன். ஒரு பைக் வந்து நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் ஒருவர் இறங்கிவந்து என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கவலைப்படாதிய அண்ணாச்சி, நான் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே என்னை ரோட்டைக் கடக்கவைத்துவிட்டார். அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, மழைக்கு ஒதுங்கி நில்லுங்க என்றார். ஒரு திரையைப் படித்துச் சொல்லவேண்டும் என்று நான் சொல்வதற்குள் பைக் கிளம்பிப் போய்விட்டது. நல்ல மனுஷன்தான். நான் எதிர்ப்பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றேன். லாரிச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, தனியாகத் திரும்பக் கடந்து வந்தேன்.

உள்ளே வந்தபோது யுபிஎஸ் கத்திக்கொண்டிருந்தது. கரன்ட் மறுபடி போயிருக்கிறது. பழைய பேட்டரி, கொஞ்ச நேரம்தான் தாங்கும். பாதி திருத்திய நிலையில் சர்வர் அணைந்தால் டிஸ்க் இன்னும் மோசமாகும் என்பது எனக்குத் தெரிந்தவரை உறுதி. மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். தலையிலிருந்து தண்ணீர் கீபோர்டில் சொட்டியது. மாணவி நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

அவளுடைய குறிப்புகள் எல்லாம் அந்த டிஸ்க்கில்தான் இருந்தன. ஊரில் ஒரு தோழி செய்தித்தாளையும் புத்தகத்தையும் போனில் வாசிக்கவாசிக்க, கேட்டுக்கேட்டுத் தன் சொந்த வாக்கியத்தில் அவள் அடித்துவைத்தவை. வாரம் ஒருமுறை நகல் எடுத்துவைக்கும் வெளி டிஸ்க் அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் செத்துப்போயிருந்தது. புதிது கேட்டிருந்தேன். மையத்தை நடத்தும் கமிட்டி கூடும்போது பார்க்கலாம் என்றிருந்தார்கள்.

அவளிடம் மறைக்க ஒன்றுமில்லை. என்ன கேட்கிறதென்று தெரியாமல் ஆம் சொல்லப்போகிறேன், உன் ஃபைல் போனாலும் போகலாம், சொல்லாவிட்டால் எல்லாருடையதும் போகலாம் என்றேன்.

"என்ன கேக்குன்னு தெரியாமலேயா சார்?"

"தெரியாமத்தான்."

யுபிஎஸ் இன்னும் வேகமாகக் கத்தத் தொடங்கியது.

"நீங்க என்ன நெனைக்கியளோ அதைச் செய்யுங்க சார்," என்றாள்.

அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் கையை எடுத்திருப்பேனா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். எடுத்திருக்கமாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. ஒய் அடித்து என்டர் தட்டினேன். பெட்டியின் தகரத்தில் காதை வைத்திருந்தேன். டிஸ்க் ஒரு தடவை கரகரத்தது. மறுபடி ஒய், மறுபடி கரகரப்பு. எதற்கு ஆம் சொல்கிறேன் என்று தெரியாமல் ஆம், ஆம் என்று சொல்லிக்கொண்டே போனேன். மாணவி மூச்சுவிடுவது கேட்டது. ஒரு கட்டத்தில் ஒய் அடித்தும் உள்ளே சத்தம் வரவில்லை. இன்னும் இரண்டு முறை தட்டிப் பார்த்தேன். கேள்விகள் தீர்ந்துவிட்டன என்று வைத்துக்கொண்டு, அணைந்துபோ என்று கட்டளை அடித்தேன். காற்றாடி நின்றது. சற்று நேரத்தில் யுபிஎஸ்ஸும் நின்றது. அதன்பின் மழைச்சத்தம் மட்டும்தான்.

நாங்கள் அக்கா வைத்துவிட்டுப் போன சோற்றைச் சாப்பிட்டோம்.

மத்தியானத்துக்கு மேல் கரன்ட் வந்தது. சர்வரைப் போட்டேன். டிஸ்க் நிறைய நேரம் ஓடியது. பிறகு ஒரு பீப், இன்னொரு பீப், மூன்றாவது. ஓடிப்போய் மற்ற மெஷின்களைப் போட்டேன். ஒவ்வொன்றாக அந்தத் தட்டைக்குரல் வந்தது. மாணவி தன் பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்து உள்ளே போனாள். கீபோர்டில் அவள் விரல் நகரும் சத்தம் கேட்டது; நின்றது; மறுபடி நகர்ந்தது. ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். வாங்கிக் காதில் வைத்தேன். ஃபோல்டர் காலி என்று குரல் சொன்னது.

மற்றவர்களுடையது பெரும்பாலும் இருந்தது. அவளுடையது இல்லை. ஏன் அவளுடையது என்பதற்குப் பதில் கிடையாது. டிஸ்க்கில் அந்த இடம் அடிபட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

மறுநாள் மாலை வளைகுடாவிலிருந்து போன் வந்தது. நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். அனாதையாகிப்போன ஃபைல்களைச் சர்வர் ஒரு தனி ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கும், பெயர் இருக்காது, வெறும் எண் இருக்கும், தேடிப் பாருங்கள் என்றார். கடைசியில், "நான் அங்க இருந்திருந்தாலும் ஒய்தான் சார் அடிச்சிருப்பேன்," என்றார்.

"நீங்க படிச்சுட்டு அடிச்சிருப்பிய," என்றேன்.

ஆமாம் சார் என்றார் அவர். மழுப்பாமல் ஒத்துக்கொண்டதற்காக அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

அந்த ஃபோல்டரை நானும் மாணவியும் திறந்தோம். எண்களாகக் குவிந்து கிடந்தது. ஒவ்வொரு எண்ணாகத் திறந்து முதல் வரியைக் கேட்பது, அவளுடையதா என்று பார்ப்பது, மூடுவது. பாதிக்கு மேல் அர்த்தமில்லாத சத்தமாக வந்தது. சில அவளுடையவை, அவள் சட்டென்று நிமிர்ந்து உட்காருவதை நாற்காலிச் சத்தத்தில் தெரிந்துகொள்வேன். பாதி வாக்கியத்தில் அவை அறுந்துபோகும். ஒன்றைத் திறந்தபோது, யாரோ தன் வீட்டுக்கு எழுதத் தொடங்கி விட்டுவிட்ட வரிகள் வந்தன. முதல் வரியிலேயே அவள் கைநீட்டி மூடிவிட்டாள். "அது நம்மளுது இல்ல சார்," என்றாள். சில நாட்கள் இப்படியே போயின. அவள் அடித்துவைத்ததில் பாதிகூடத் தேறவில்லை. பரவாயில்லை சார், மனசுல கொஞ்சம் இருக்கு என்றாள். கோபப்பட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

தண்ணீர் வடிந்த பிறகு அக்கா வந்தார். வீட்டில் முழங்கால் அளவு நின்றதாம், பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்களாம். அரிசி மூட்டையைக் காப்பாற்ற முடியவில்லை என்றார். பிறகு, பொட்டி பேசிச்சா சார் என்று கேட்டார். பேசிச்சு அக்கா என்றேன். நல்லவேளை என்று உள்ளே போனார். மீதியை அவரிடம் சொல்லவில்லை. அரிசி போனவரிடம் ஃபைல் போனதைச் சொல்ல வாய் வரவில்லை.

மாணவி தேர்வு எழுதினாள். முதல் கட்டத்தில் தேறினாள். இரண்டாவதில் கொஞ்சத்தில் போய்விட்டது. அந்தக் குறிப்புகள் இருந்திருந்தால் தேறியிருப்பாளா என்பதை யாராலும் சொல்லமுடியாது. அவள் என்னிடம் கேட்கவில்லை, நானும் அவளிடம் பேசவில்லை. இப்போது வள்ளியூரில் வீட்டிலிருந்தே படிக்கிறாள். எப்போதாவது போன் செய்து, ஏதாவது ஒரு கீயை அமுக்கினால் என்ன ஆகும் என்று சந்தேகம் கேட்பாள்.

கமிட்டி கூடி, புது டிஸ்க்குகள் வாங்கிக் கொடுத்தார்கள். மேலப்பாளையத்துக்காரர் விடுமுறையில் வந்தபோது பழைய காலத்து சீரியல் கேபிள் ஒன்றைக் கொண்டுவந்து, சர்வரையும் என் லேப்டாப்பையும் இணைத்துவிட்டார். இனிமேல் சர்வர் எழும்போது திரையில் எழுதுவதையெல்லாம் லேப்டாப் எனக்குப் படித்துச் சொல்லும். இதை முன்பே செய்திருக்கலாம் என்று இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை.

இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது சார் என்று அவரே சொன்னார். லினக்ஸ் கிளம்புவதற்கும் முந்தி, மதர்போர்டு தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் அந்தக் கொஞ்ச நேரத்தில் ஏதாவது கோளாறென்றால் இந்தக் கேபிளிலும் வராது. அதற்கு ஆள்தான் வேண்டும்.

அவர் போன பிறகு சர்வரை ஒருமுறை அணைத்துப் போட்டேன். லேப்டாப் வரிவரியாகப் படித்தது. டிஸ்க் கிடைத்தது, சரி. நெட்வொர்க் எழுந்தது, சரி. எல்லாமே சரி, சரி என்றுதான் வந்தன. ஒரு வரிகூட விடாமல் கடைசிவரை உட்கார்ந்து கேட்டேன்.